கோரம்

காலையில் எழுந்தான். படுக்கையை மடித்து மூலையில் வைத்தான். முகம் கழுவிக்கொண்டு படியிறங்கிப் பட்டறையின் ஷட்டரைத் தூக்கினான். விசிறிகளைப் போட்டான். அட்டைக் கட்டுகளின் மேல் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் விரிப்பை விலக்கி மேல் அட்டையைத் தடவிப் பார்த்தான். ஈரம். மழை தொடங்கியதிலிருந்து தினமும் ஈரம்தான். சட்டியில் தண்ணீர் ஊற்றி, மாவைக் கரைத்து, அடுப்பில் ஏற்றினான். கட்டி விழாமல் கிண்டினான். அடிபிடிக்குமுன் இறக்கி வைத்தான். மறுபடி மேலே போய் டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றினான். ஒன்றைக் குடித்தான். மற்றதைத் தட்டு போட்டு மூடிக் கீழே கொண்டுவந்தான். அது மாமியாருக்கு.

மனைவி செத்துப்போன மறுநாளும் இதையேதான் செய்தான். அன்றைக்குப் பட்டறை மூடிக் கிடந்தது. பசைக்கு வேலையே இல்லை. ஆனாலும் கிண்டினான். துக்கத்துக்கு வந்தவர்கள் மாடியில் உட்கார்ந்திருக்க, கீழே அவன் யாருக்கும் வேண்டாத ஒரு சட்டிப் பசையோடு நின்றிருந்தான். பசையக்காதான் வந்து கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி வைத்தாள். "மேல வாங்க தம்பி. உங்களப் பாக்கத்தான் வந்திருக்காங்க, பசையப் பாக்க வரல" என்றாள்.

பசையக்கா அந்தப் பட்டறையில் பசை தடவுகிறவள். பெயர் வேறு ஏதோ இருந்தது; சம்பளச் சீட்டில் மட்டும் வரும். அட்டையை வெட்டுகிறவர் கட்டிங் மாஸ்டர். இந்த இரண்டு பேரும், அவனும், அவன் மனைவியும் சேர்ந்ததுதான் கம்பெனி. செருப்புப் பெட்டி, மருந்துப் பெட்டி, கேக் பெட்டி. பெரிய அட்டையை அளவுக்கு வெட்டி, மடிப்புக்கோடு அழுத்தி, ஓரத்தில் பசை தடவி ஒட்டுவார்கள். கேக் பெட்டிக்கு மட்டும் பசை கிடையாது; மடித்துக் காதுகளைச் செருகினால் நிற்கும். மகள் போனபிறகு மாமியார் தினமும் வந்து அந்தக் கேக் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள். யாரும் வரச் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் வந்தாள், உட்கார்ந்தாள், மடித்தாள். துணிக்கடையில் பல வருஷம் துணி மடித்துக் கொடுத்தவள். கை அதுபாட்டுக்கு ஓடும். சாயங்காலம் எழுந்து போவாள். அவனும் அவளும் ஒரு நாளைக்குப் பேசிக்கொள்வது ஒரு டம்ளர் டீ அளவுதான். "டீ இருக்கு அத்தை." "சரி மாப்பிள்ளை."

பேச்செல்லாம் மற்ற இருவர் பொறுப்பில் இருந்தது.

"என்ன மாஸ்டர், ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி இருக்கு?" என்றாள் பசையக்கா அன்று.

"அட்டை நனைஞ்ச துணி கணக்கா இருக்கு. கத்தி என்ன பண்ணும்? வெட்டுடான்னா தடவுது."

"உங்க கத்தி எந்தக் காலத்துல வெட்டுச்சு? உங்க வாய்தான் வெட்டும்."

"வாய்க்கு ஈரம் ஒத்துக்குதுல்ல."

"உங்க வீட்டம்மா எப்படித்தான் காலம் தள்ளுதோ."

"அவளுக்கு ஒரு காது கேக்காது. எந்தக் காதுன்னுதான் எனக்கு இதுவரைக்கும் பிடிபடல."

மாமியார் தலை நிமிரவில்லை. ஆனால் மடித்துக்கொண்டிருந்த பெட்டி ஒரு கணம் கையில் நின்றது. சிரிப்பு வருகிற இடத்துக்கு வந்து திரும்பிப்போன மாதிரி இருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. அவன் கையெல்லாம் பசை. முழங்கையால் அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போட்டான். ஆடிட்டரம்மா பேசினாள்.

"சார், கோச்சுக்காதீங்க. நானா கூப்பிடக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் இருந்தேன். உங்க கம்பெனியோட ஆண்டறிக்கை இன்னும் போடல. தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறுது. அதக்கூடக் கட்டிக்கலாம். ஆனா பதிவாளர் ஆபீஸ்லருந்து நோட்டீஸ் வந்திருக்கு. மாசக் கடைசிக்குள்ள போடலைன்னா கம்பெனி பேர அடிச்சிடுவாங்க. பேரு போச்சுன்னா பேங்க் கணக்கு நிக்கும். அந்த பேக்கரிக்காரங்களும் பதிவான கம்பெனின்னாதான சரக்கு எடுப்பாங்க?"

"சரிங்க."

"சரிங்கன்னா எப்படி சார்? அறிக்கை போடணும்னா வருஷக் கூட்டம் நடத்தணும். கூட்டத்துக்குக் கோரம் வேணும்ல? கோரம் இல்லாம ஒண்ணுமே பண்ண முடியாது. உங்க ஒருத்தரால கோரம் ஆகாது. மேடத்தோட அம்மா இருக்காங்கல்ல, அவங்களையும் சேத்துக்கிட்டா கோரம் ஆயிடும்."

பெட்டி கீழே விழுந்தது. மாமியார் எழுந்து நின்றிருந்தாள்.

"என்ன சொல்றா அவ?"

அவன் போனை அணைக்கப் பார்த்தான். முழங்கை வழுக்கியது. ஆடிட்டரம்மா "ஹலோ, ஹலோ" என்றாள்.

"கோரம் வேணுமாமே? பட்ட கோரம் பத்தலையாமா? என்னையும் சேத்தாதான் கோரம் ஆகுமாமா?"

"அத்தை, அது வேற…"

"நீங்க சரிங்கன்னு சொல்றீங்க! நான் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். சரிங்கன்னு சொல்றீங்க மாப்பிள்ளை!"

செருப்பைப் போட்டாளா இல்லையா தெரியவில்லை. மழையில் இறங்கிப் போய்விட்டாள். குடை கதவோரம் சாய்ந்தபடி நின்றது.

பசையக்காவுக்குத்தான் விஷயம் விளங்கியது. அவளும் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறாள். விபத்து நடந்த மறுநாள், தெருமுனைப் பத்திரிகைக் கடையில் தொங்கிய தட்டியில் அது கொட்டை எழுத்தில் இருந்தது: கோர விபத்து. பேக்கரிக்குப் பெட்டி கொண்டுபோனவள் ஸ்கூட்டரோடு லாரிக்கு அடியில் போன செய்தி. பின்னால் கட்டியிருந்த பெட்டிக் கட்டு அவிழக்கூட இல்லை. கட்டிங் மாஸ்டர் அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள் மாமியார். அந்தத் தட்டியின் முன்னால் நின்று, ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டுப் படித்தாள். கடைக்காரருக்கு விஷயம் தெரிந்து தட்டியைக் கழற்றுவதற்குள் படித்து முடித்துவிட்டாள்.

"போங்க தம்பி, போய் சொல்லுங்க" என்றாள் பசையக்கா. "அது வேற கோரம், இது வேற கோரம்னு சொல்லுங்க."

"எப்படி சொல்றது?"

"வாயத் தொறந்துதான். நீங்க ரெண்டு பேரும் அந்த வேலைய மட்டும் செய்யறதில்ல. எத்தன நாளைக்குத்தான் நானும் இந்த மாஸ்டரோடயே பேசிக்கிட்டுக் கெடக்கறது?"

"எனக்கு மட்டும் என்ன வேண்டுதலா?" என்றார் மாஸ்டர்.

அவன் கையைக் கழுவினான். குடையை எடுத்தான். ஆனால் மாமியார் வீட்டுக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கம் திரும்பி ஆடிட்டரம்மாவின் அலுவலகத்துக்குப் போனான்.

அது ஒரு மருந்துக்கடையின் மாடி. படியில் நாலைந்து ஈரக் குடைகள் விரிந்து கிடந்தன. ஆடிட்டரம்மா அவனைக் கண்டதும் எழுந்துவிட்டாள். உட்காரச் சொல்லி பிஸ்கட் தட்டை நகர்த்தினாள். அவன் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தான்.

"நான் சொன்னது தப்பாப் போச்சா சார்? அம்மா பக்கத்துல இருந்தாங்களா? கடவுளே."

"பரவால்லங்க. என்ன பண்ணணும், இன்னொரு தடவை சொல்லுங்க."

அவள் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினாள். முதல் வேலை, ஏற்கெனவே ஒரு தடவை அவள் சொல்லி அவன் செய்யாமல் விட்டது: ஒரு இயக்குநர் இப்போது இல்லை என்று தெரிவிப்பது. அதற்கு ஒரு கட்டம். காரணம் என்று போட்டுப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி. அமுக்கினாள். ராஜினாமா, நீக்கம், மரணம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். சட்டென்று அவள் அதை மூடிவிட்டாள்.

"இத நீங்கதான் அமுக்கணும். இருக்கற இயக்குநர் நீங்க ஒருத்தர்தான். உங்க கையெழுத்துல போகணும். அப்புறம் மேடத்தோட பங்கு உங்களுக்கும் அவங்க அம்மாவுக்கும் வரும். அம்மாவ இயக்குநராச் சேத்துடுவோம். பிறகு நீங்க ரெண்டு பேரும் உக்காந்து கூட்டம் நடத்தி, கணக்க ஒத்துக்கிட்டு, அறிக்கைய அனுப்பிடலாம்."

"அவங்க ஒத்துக்கலைன்னா?"

ஆடிட்டரம்மா பேனாவை மூடித் திறந்தாள். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன நீலக் குச்சியை எடுத்து வைத்தாள். அவன் மனைவியின் மின்கையெழுத்துக் குச்சி. கம்ப்யூட்டரில் செருகினால் அவள் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும்.

"இதோட காலம் இன்னும் முடியல. இந்த ஒரு வருஷத்துக்குச் சத்தமில்லாமப் போட்டுடலாம். கூட்டத்துக்கு ரெண்டு பேரும் வந்திருந்தாங்கன்னு எழுதி, பழைய தேதியில… நான் இப்படிச் சொல்றவ இல்ல சார், உங்களுக்கே தெரியும். ஆனா மேடத்தோட கையெழுத்து இன்னும் உயிரோடதான் இருக்கு."

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் குச்சியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பிஸ்கட்டையும் அதே பையில் போட்டுக்கொண்டான். அது அவனுக்கே தெரியவில்லை.

மாமியார் வீடு ஒற்றை அறை. கதவு திறந்திருந்தது. அவள் தலையைத் துவட்டிவிட்டு, துண்டைத் தோளில் போட்டபடி அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். கொடியில் நனைந்த துணி சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு கிண்ணம்.

"குடைய விட்டுட்டு வந்துட்டீங்க அத்தை."

"நனைஞ்சவளுக்கு எதுக்குக் குடை?" என்றாள். பிறகு, "உள்ள வாங்க. அங்கயே நின்னா நீங்களும் நனைவீங்க. சாப்பிட்டீங்களா?"

"ம்."

"ம்னா?"

"இல்ல."

கோபத்தோடேதான் தட்டை எடுத்தாள். கோபத்தோடேதான் சோறு போட்டாள், பருப்பு ஊற்றினாள். தட்டை வைத்த வேகத்தில் பருப்பு தரையில் தெறித்தது. அவன் சாப்பிட்டான். நாலு வாய் உள்ளே போனபிறகு அவனுக்குப் பேச வந்தது.

"அது வேற வார்த்தை அத்தை. கூட்டத்துக்கு இத்தனை பேர் இருக்கணும்னு ஒரு கணக்கு. அதுக்குப் பேரு கோரம். இங்கிலீஷ் வார்த்தை. அந்த அர்த்தம் இல்ல."

அவள் அவனையே பார்த்தாள்.

"ஆளுக்கணக்கா?"

"ஆமா. எங்க கம்பெனிக்கு ரெண்டு பேரு. ஒருத்தர் உக்காந்தா அது கூட்டம் இல்ல. ரெண்டு பேர் உக்காந்தாதான் கூட்டம்."

"அதுக்கு வேற வார்த்தையே கெடைக்கலையா அவனுங்களுக்கு?"

"கெடைக்கல போல."

"நல்ல வார்த்தை வச்சானுங்க." பெருமூச்சு விட்டு உட்கார்ந்தாள். "பாவம், அந்த ஆடிட்டர் பொண்ண என்னென்னவோ மனசுக்குள்ள திட்டிட்டேன். வாய்விட்டும் கொஞ்சம் திட்டிட்டேன். வழியில."

"அவங்களுக்குக் கேக்காது."

"மழையில யாருக்கு என்ன கேக்கும்?" சோற்றை இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். "கம்பெனி ஆரம்பிச்சப்பவே எனக்கு இந்த வார்த்தையெல்லாம் ஒத்துவரல. பலகையில லிமிடெட்னு எழுதியிருந்தா. லிமிடெட்னா என்னடின்னு கேட்டேன். அளவோடன்னு அர்த்தம்மான்னா. ஏண்டி, தொழில் பண்றதுன்னு ஆயிடுச்சு, அளவில்லாமப் பண்ண வேண்டியதுதானேன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா."

"எங்கிட்டயும் சொன்னா. கடன் வந்தா அளவோட வரும், அதுக்குத்தான் அந்தப் பேருன்னு உங்களுக்கு விளக்கச் சொன்னா."

"நீங்க விளக்கவே இல்லையே."

"நான் எத விளக்கியிருக்கேன்?"

அவள் பருப்புப் பாத்திரத்தை மூடி வைத்தாள்.

"அந்தக் கூட்டத்துல ரெண்டு பேரும் என்னதான் பேசுவீங்க?" என்று கேட்டாள். "புருஷன் பொண்டாட்டி. ஒரே வீடு. ஒரே அடுப்பு. பேசறதுக்குக் கூட்டம் போடணுமா?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி யாரும் கேட்டதுமில்லை.

"எல்லாக் கம்பெனியிலும் நடந்த மாதிரி எழுதி வச்சிருவாங்க அத்தை. எங்கள மாதிரி சின்னக் கம்பெனின்னா கேக்கவே வேணாம். ஆடிட்டர் எழுதித் தருவாங்க, கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. அவ ஒத்துக்கவே மாட்டா. நடக்காதத நடந்ததா எழுத மாட்டேன், நடத்திட்டு எழுதுவோம்பா. ஷட்டர இறக்கிடுவா. என்னைச் சட்டை மாத்தச் சொல்லுவா. எதிர் எதிர உக்காருவோம். ஒரு வருஷம் அவ தலைவர், ஒரு வருஷம் நான். கோரம் இருக்கான்னு கேப்பா. இருக்குன்னு நான் சொல்லணும். சும்மா தலையாட்டினா செல்லாது."

"அவளா? இப்படியா?"

"ஒரு வருஷம் நான் கணக்கு வாசிக்கும்போதே தூங்கிட்டேன். அன்னிக்கு ராப்பகலா மருந்துப் பெட்டி ஒட்டியிருந்தோம். கண்ண முழிச்சா, எதிர உக்காந்து டீ குடிச்சிக்கிட்டிருக்கா. உறுப்பினர் தூங்கிட்டதால கோரம் கொறைஞ்சு போச்சு, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டதுன்னா."

மாமியார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"இன்னொரு வருஷம் சண்டை. எதுக்குன்னு ஞாபகமில்ல. பேச்சுவார்த்தையே கெடையாது. கூட்டத்துக்குக் கடைசி நாள். என் முன்னால வந்து உக்காந்து, தலைவர் அவர்களேன்னு ஆரம்பிச்சா. மூஞ்சியப் பாக்கல. தலைவர் அவர்களே, வரவு செலவக் கூட்டத்தின் பார்வைக்கு வைக்கிறேன். தலைவர் அவர்களே, தண்ணி குடிக்கணும்னா அந்தச் செம்பு உங்க பக்கத்துலதான் இருக்கு."

இப்போது அவள் வாய்விட்டே சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் என்ன செய்வதென்று தெரியாமல் செம்பை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் தண்ணீர் குடித்தாள்.

"என்னால முடியாது மாப்பிள்ளை" என்றாள் பிறகு. "அவ உக்காந்த எடத்துல போய் நான் உக்காரவா? நாளைக்கு எம் பேரப் போட்டா, அவ பேர எடுக்கணும்ல?"

"எடுக்கணும்."

"வேற வழியே இல்லையா?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். நீலக் குச்சியை எடுத்துத் தரையில் வைத்தான். கூடவே பிஸ்கட்டும் வந்தது. உடைந்திருந்தது. குச்சி என்னவென்று சொன்னான். ஆடிட்டரம்மா சொன்னதையும் சொன்னான். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டான்.

மாமியார் குச்சியைக் கையில் எடுத்தாள். விரலில் ஈரம் இருக்கிறதோ என்று துண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தாள்.

"இதுல அவ கையெழுத்து இருக்கா?"

"ஆமா."

"இதப் போட்டா, அவ வந்து உக்காந்தான்னு ஆயிடுமா?"

"ஆயிடும்."

"அப்ப போட்ருங்க."

"அத்தை…"

"போட்ருங்க மாப்பிள்ளை. யாருக்கு என்ன நஷ்டம்? ஊரே அவ இல்லைங்குது. ரேஷன் அட்டை, ஆஸ்பத்திரி, பேங்க், எல்லா எடத்துலயும் அடிச்சாச்சு. ஒரே ஒரு எடத்துலயாவது எம் பொண்ணு உசுரோட இருக்கட்டுமே. ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம்."

கொடியின் கீழிருந்த கிண்ணம் நிறைந்து, சொட்டு தண்ணீரில் விழ ஆரம்பித்திருந்தது. அந்த ஒரு வருஷத்தைத்தான் அவனும் நினைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் நடந்து வந்தான். வேறு யாராவது அதைச் சொன்னால் போதும், செய்துவிடலாம் என்றுகூட நினைத்திருந்தான். சொல்லியாகிவிட்டது. ஆனால் கேட்டபிறகு முடியவில்லை.

"வந்திருந்தவர்கள்னு எழுதணும் அத்தை. எங் கையால. அவ வந்திருந்தான்னு எழுதணும். நான் எதிர் நாற்காலியப் பாத்துக்கிட்டே எப்படி எழுதுவேன்? அவ சும்மா விடுவாளா? நடக்காதத எழுத மாட்டேன்னவ. நான் மட்டும் எழுதினா, அது அவ கம்பெனியே இல்ல."

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில்கூட இல்லை.

"அப்ப அந்தப் பேர அடிக்கறது?"

"நான்தான் அமுக்கணும். ராஜினாமா, நீக்கம், மரணம்னு மூணு இருக்கு. மூணாவத அமுக்கணும்."

"அமுக்கிட்டீங்களா?"

"முடியல."

"எத்தன நாளா?"

அவன் தரையில் தெறித்திருந்த பருப்பை விரலால் துடைத்தான். அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. கட்டணம் நாளுக்கு நாள் ஏறுவதாக ஆடிட்டரம்மா போனில் சொன்னது ஏன் என்பதும் தெரிந்துவிட்டது. குச்சியை அவன் பக்கம் தள்ளினாள். உடைந்த பிஸ்கட்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள்.

"நீங்க போங்க" என்றாள். "பட்டறையில அதுங்க ரெண்டும் ஒண்ணையொண்ணு கடிச்சிக்கிட்டு நிக்கும்."

மறுநாள் காலையில் அவன் பசை இறக்கி, டீயோடு கீழே வந்தபோது மாமியார் ஏற்கெனவே பட்டறையில் நின்றிருந்தாள். உட்காரவில்லை. தலை வாரி, நல்ல துணி உடுத்தி, கையில் ஒரு துணிப்பை.

"போட்டோ, அடையாள அட்டை ரெண்டும் எடுத்துட்டேன். வேற என்ன கேப்பாங்க?"

"அத்தை…"

"நீங்க ஒத்தையில உக்காந்து அத அமுக்க வேணாம். அதுக்குத்தான் வர்றேன். கம்பெனிக்காக இல்ல. டீயக் குடுங்க."

பசையக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்ன மாஸ்டர், நம்ம டைரக்டரம்மா கெளம்பிட்டாங்க. எந்திரிச்சு நின்னு கும்பிடு போடுங்க."

"டைரக்டரம்மா, எனக்கு ஒரு நல்ல வேஷம் குடுங்க" என்றார் மாஸ்டர். "சண்டை போடற வேஷம் வேணாம். அது வீட்லயே கெடைக்குது."

"உனக்கு மரத்துக்குப் பின்னால நிக்கற வேஷம்தான்" என்றாள் மாமியார். பட்டறையில் அவள் வாயிலிருந்து வந்த முதல் கேலி அதுதான். பசையக்கா பசை தடவுவதை நிறுத்திவிட்டு, அவள் தெருவில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடிட்டரம்மா இரண்டு நாற்காலிகளைத் திரைக்கு முன்னால் போட்டாள். ஏதோ வேலை இருக்கிற மாதிரி அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அவன் கட்டத்தைத் திறந்தான். அம்புக்குறியை அமுக்கினான். மூன்று சொற்களும் இறங்கின. மாமியார் கண்ணைச் சுருக்கி, எழுத்துக்கூட்டி, மெதுவாக மூன்றையும் படித்தாள். மூன்றாவதைப் படித்து முடித்ததும், மவுசின் மேல் இருந்த அவன் கையின் மேல் தன் கையை வைத்தாள். கை சொரசொரப்பாக இருந்தது. அட்டை மடிக்கிற எல்லோருக்கும் விரல் நுனி அப்படித்தான் ஆகும். அவன் மனைவிக்கும் அப்படித்தான் இருந்தது. அவன் அமுக்கினான். யார் அழுத்தம் எவ்வளவு என்று தெரியவில்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அத்தை."

"சத்தமே வரலையே" என்றாள்.

அவளைச் சேர்க்கிற காகிதங்கள் ஆகிவர மாசக் கடைசி நெருங்கிவிட்டது. அன்றைக்கு மழை கொஞ்சம் விட்டிருந்தது. சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். பசையக்காவும் மாஸ்டரும் பங்குதாரர் இல்லை என்பதால் வெளியே ஓரக்கூரையின் கீழ் நின்றார்கள். கேக் பெட்டி மடிக்கிற மேசையைத் துடைத்து, எதிர் எதிராக இரண்டு நாற்காலி போட்டான். அவன் சட்டை மாற்றியிருந்தான். மாமியார் எந்த நாற்காலி என்று கேட்கவில்லை. கொஞ்சம் நின்றாள், பிறகு கதவைப் பார்க்கிற மாதிரி இருந்ததில் உட்கார்ந்தாள்.

"யாரு தலைவர்?"

"போன வருஷம் நான்."

"அப்ப நான்தானா." முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "என்ன கேக்கணும்?"

அவன் சொல்லத் தயங்கினான். அவளுக்கு நினைவு வந்துவிட்டது. உதட்டைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை. வெளியே மாஸ்டர் எதற்கோ இருமினார். அவள் மேசையின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"நாம ரெண்டு பேரும் இருக்கமா மாப்பிள்ளை?"

"இருக்கோம் அத்தை."

அவன் எழுதிக்கொண்டான். வரவு செலவை வாசித்தான். அவள் கேட்டாள்; பாதியில், "மாவுக்கா இவ்வளவு? எந்தக் கடையில வாங்குறீங்க?" என்றாள். அதற்குப் பதில் சொன்னான். ஆடிட்டரம்மாவே அடுத்த வருஷமும் ஆடிட்டராக இருக்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். "இருக்கட்டும், நல்ல பொண்ணு" என்றாள் தலைவர். இயக்குநர் ஒருவர் காலமானதைக் கூட்டம் வருத்தத்தோடு பதிவு செய்கிறது என்று ஆடிட்டரம்மா எழுதிக்கொடுத்திருந்த வரியை அவன் வாசித்தான். குரல் ஒரு இடத்தில் நின்றது. அவள் காத்திருந்தாள். அவன் வாசித்து முடித்தான்.

"இன்னும் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. தலைவர் அனுமதியோட இதர விஷயங்கள்."

"இதரன்னா?"

"வேற ஏதாவது பேசணும்னா பேசலாம். தலைவர் அனுமதிக்கணும்."

"அனுமதிச்சேன்." உடனே கேட்டுவிட்டாள். "எனக்குத்தான் பேசணும். ஆஸ்பத்திரியில யாரோ சொன்னாங்க, கடைசியா அம்மான்னு கூப்பிட்டாளாம். ரோட்டுல நின்னவன் ஒருத்தன் சொன்னான், உங்க பேரச் சொன்னாளாம். ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க ஒண்ணுமே சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. பயம். அவ கடைசியா என்னதான் சொன்னா?"

"நான் அங்க இல்லையே அத்தை. அங்க என்ன சொன்னாளோ எனக்குத் தெரியாது."

"உங்ககிட்ட சொன்னது?"

அவன் பேனாவை மூடினான். "பெரிசா ஒண்ணும் இல்ல அத்தை. நீங்க எதிர்பாக்கற மாதிரி எதுவும் இல்ல."

"நான் எதையும் எதிர்பாக்கல. சொன்னது என்னவோ அதச் சொல்லுங்க."

"அன்னிக்கு நீங்க வர்றதாச் சொல்லியிருந்தீங்க. அவ கட்டைக் கட்டிட்டு ஸ்கூட்டர ஸ்டார்ட் பண்ணிட்டா. நான் இங்க பசை கிண்டிக்கிட்டிருந்தேன். திரும்பிக்கூடப் பாக்கல. சரி சரின்னு மட்டும் சொன்னேன்."

"எழுதுங்க" என்றாள் மாமியார்.

"இதெல்லாம் இதுல எழுத மாட்டாங்க அத்தை."

"தலைவர் சொல்றேன்ல? நடந்தத எழுதுங்க. அவ சொன்ன மாதிரியே."

அவன் பேனாவைத் திறந்தான். இதர விஷயங்கள் என்பதற்குக் கீழே, ஒரு சொல்லும் மாற்றாமல், அவளுக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே எழுதினான்:

"மேல அடுப்புல ரெண்டு முட்டை வேகுது. ஒண்ணு அம்மாவுக்கு. ரெண்டையும் நீங்களே முழுங்கிடாதீங்க."